ஆணி ஏறிய ரயர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரொயோட்டா விற்ஸ் கார். நாலு ரயரும் வாங்கி இரண்டரை வருடம். போன ஞாயிற்றுக்கிழமை மருதனார்மடம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது காரின் பின்பக்கம் கொஞ்சம் ஆடுவது போல இருந்திருக்கிறது. றோட்டுத்தான் சரியில்லை என்று நினைத்து அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் பின் இடது சில்லு பாதிக்கு மேல் சப்பளிந்து கிடக்கிறது. ரயரின் மேற்பக்கத்தில், ஓரத்தில் இருந்து மூன்று விரல் உள்ளே, ஒரு கூரை ஆணி. ஒரு கடையில், கழற்றத் தேவையில்லை, வெளியே இருந்தே ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தருகிறோம் என்றார்களாம். இன்னொரு கடையில், இது இனி உதவாது, புது ரயர் போடுங்கள் என்றார்களாம். வருகிற கிழமை அம்மாவைக் கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, இரண்டு கடையிலும் ரயரை றிம்மில் இருந்து கழற்றவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இப்போதைக்கு இரண்டு பேர் சொன்னதையும் எடுக்க வேண்டாம். நான் இருபது வருடத்துக்கு மேல் ரயரோடு வேலை செய்கிறேன். உள்ளே பார்க்காமல் "ஒட்டலாம்" என்றும் என்னால் சொல்ல முடியாது, "எறியுங்கள்" என்றும் சொல்ல முடியாது. ஆனால் கழற்றியதும் எங்கே பார்க்க வேண்டும், எதைக் கண்டால் என்ன முடிவு என்பதைச் சொல்லலாம். கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் வேலை செய்பவரும் கவனமாகச் செய்வார்.

முதலில் ஆணி ஏறிய இடம். உங்கள் காரில் இருப்பது ரியூப் இல்லாத ரேடியல் ரயர். தரையில் படும் மேற்பக்கத்தின் அடியில், இறப்பருக்குள், உருக்குக் கம்பிப் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் ஓடுகின்றன. அந்தப் பகுதி விறைப்பானது. சில்லு சுற்றும்போது அதிகம் வளையாது. அதனால் அங்கே போட்ட ஒட்டு நிற்கும். பக்கத்தில், அதாவது கம்பனிப் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தில், அந்த உருக்குப் பட்டி இல்லை. நூல் படையும் இறப்பரும் மட்டும்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பக்கம் மடிந்து நிமிர வேண்டும். அங்கே எந்த ஒட்டும் நிலைக்காது. மேற்பக்கமும் பக்கமும் சந்திக்கிற தோள்பட்டை போன்ற வளைவிலும் அப்படித்தான். மேற்பக்கத்தைச் சுற்றி ஓடுகிற தவாளிப்புகளில், அதாவது பள்ளக் கோடுகளில், இரண்டு ஓரத்திலும் இருக்கிற தவாளிப்பைப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஏறிய ஆணி என்றால் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு வெளியே என்றால் ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். உங்கள் ஆணி மூன்று விரல் உள்ளே என்கிறீர்கள். இடம் நல்ல இடம்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆணி நேராகத்தான் ஏறும் என்று இல்லை. சரிந்து ஏறினால் வெளியே நடுவில் தெரியும் ஆணி, உள்ளே ஓரத்துக்குப் போயிருக்கும். கூரைத் தகடு அடிக்கிற நீண்ட திருகாணிகளில் இதை நிறையக் கண்டிருக்கிறேன். இதையும் கழற்றினால்தான் பார்க்கலாம்.

அடுத்தது ஓட்டையின் அளவு. கார் ரயரில் 6 மில்லிமீற்றர் வரைதான் ஒட்டலாம் என்பது உலகத்தில் பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கும் அளவு. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் மொத்தம். அது உள்ளே போகிற ஓட்டை என்றால் கம்பிப் பட்டி நிறைய அறுந்திருக்கும், ஒட்டக்கூடாது. சாதாரண ஆணி, திருகாணி எல்லாம் அந்த 6 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். உடைந்த போத்தல், தகரத் துண்டு, இரும்புக் கோணம் கிழித்தது என்றால் அது ஓட்டை இல்லை, வெட்டு. நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஒட்டு ஏற்கெனவே இருந்தால் புது ஒட்டு அதன்மேல் ஏறக்கூடாது.

இதுவரை சொன்னதைக் கடைக்காரர் எல்லோரும் அறிவார்கள். சண்டை வருவது அடுத்த விஷயத்தில்தான். உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

மருதனார்மடத்தில் இருந்து கொக்குவில் வரை நாலு கிலோமீற்றர் அளவில் வரும். உங்கள் காருக்கு வழக்கமாக வருகிற 165/70 ஆர் 14 அளவு ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 540 தடவை சுற்றும். நாலு கிலோமீற்றருக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல். காற்று சரியாக இருக்கும்போது காரின் பாரத்தைத் தாங்குவது காற்று. ரயரின் பக்கம் கொஞ்சமாகத்தான் மடியும். காற்று இறங்க இறங்க அந்தப் பாரம் பக்கத்தின் தலையில் விழுகிறது. றிம்முக்கும் தரைக்கும் இடையில் நசிந்து, மடிந்து, உள்பக்கம் உள்பக்கத்தோடு உரசி, சூடேறுகிறது. நூல் படை அந்தச் சூட்டில் பலமிழக்கிறது. இத்தனையும் நடந்த ரயருக்குத் திரும்பக் காற்றடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கறுப்பாக, வட்டமாக, புதுசு போலவே நிற்கும். ஆணி போட்ட ஓட்டையை ஒட்டிவிடலாம். காற்றில்லாமல் ஓட்டியதில் உள்ளே விழுந்த காயத்தை யாராலும் ஒட்ட முடியாது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? றிம்மில் இருந்து கழற்றிய ரயரை நிமிர்த்தி ஒரு பக்கம் சரித்து உருட்டுங்கள். உள்ளே இருந்து கறுத்த மா போலத் தூள் கொட்டினால் முடிவு அங்கேயே வந்துவிட்டது. பென்சில் எழுத்தை அழிறப்பரால் அழித்தால் வருகிற துகள் போலச் சின்னச் சின்ன உருளைகளாகவும் இருக்கும். அது உள் இறப்பர் உரசித் தேய்ந்த தூள். தூள் இல்லாவிட்டாலும் விட்டுவிடாமல், ரோர்ச் அடித்து உள்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தின் நடு உயரத்தில், ரயரைச் சுற்றி ஒரு வளையம் போல நிறம் மாறியிருக்கிறதா? மினுமினுப்பான உள் இறப்பர் அந்த இடத்தில் மங்கி, சொரசொரத்து, வயதானவர் கைத் தோல் போலச் சுருங்கியிருக்கிறதா? விரலை வைத்துத் தடவுங்கள். கண் தவறவிட்டதை விரல் பிடிக்கும். நூல் எங்கேயாவது வெளியே தெரிந்தால் கேள்வியே இல்லை. வெளிப்பக்கத்திலும் அதே உயரத்தில் ஒரு தேய்ந்த கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டும். ரயரின் வயது இரண்டரை வருடமாக இருந்தாலும் சரி, ஆணி நல்ல இடத்தில் இருந்தாலும் சரி. ஒன்றுமே இல்லை, உள்ளே சுத்தமாக, ஒரே நிறமாக, வழுவழுப்பாக இருக்கிறது என்றால் ஒட்டலாம். நீங்கள் பாதிக் காற்றோடு வந்தீர்களா, கடைசி நூறு மீற்றரில்தான் இறங்கியதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரயரின் உள்பக்கத்துக்குத் தெரியும்.

இதற்காகவே நான் எல்லோரிடமும் சொல்வது, ஆடுகிறது, இழுக்கிறது, ஏதோ சத்தம் வித்தியாசம் என்று தோன்றினால் ஐம்பது மீற்றருக்குள் ஒதுக்கி நிறுத்துங்கள். ஆணி தெரிந்து, காற்று இன்னும் நிற்கிறது என்றால் ஆணியைப் பிடுங்க வேண்டாம். அது தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்றளவு பார்த்து, குறைந்தால் அடித்து, மெதுவாகக் கடைக்குப் போய்விடலாம். பிடுங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே சில்லு மாற்ற வேண்டும்.

சரி, உள்ளே சுத்தமாக இருக்கிறது, ஒட்டுவது என்று முடிவு. எப்படி ஒட்டுவது?

சரியான முறை உள்ளே இருந்து ஒட்டுவது. அதற்குரிய துண்டு காளான் வடிவத்தில் இருக்கும். தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்பக்கத்தில் படிந்து ஒட்டும். கடைகளில் மஷ்ரூம் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். ஆணி வந்த அதே சாய்வில் ஓட்டையைத் துளைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே குடை படியும் அளவுக்கு வட்டமாகச் சுரண்ட வேண்டும். மெல்லச் சுரண்டினால் போதும், நூல் தெரியும்வரை போகக்கூடாது. சுரண்டிய தூளை ஊதித் துடைத்துப் பசை பூச வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். பசை பூசிய உடனே ஒட்டக்கூடாது. ஈரம் போய், விரல் நுனி பட்டால் லேசாக இழுக்கும் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு தண்டை உள்ளே இருந்து வெளியே இழுத்து, குடை படிந்ததும் சின்ன உருளையால் நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுவார்கள். காற்று ஒரு துளி அடியில் சிக்கினாலும் பிறகு அங்கேதான் கிளம்பும். வெளியே நீட்டிய தண்டை மட்டமாக வெட்டி, ரயரைப் பூட்டி, காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்து, பலன்ஸ் செய்தால் வேலை முடிந்தது. முக்கால் மணித்தியாலம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் இந்த வேலையை யாரும் செய்ய முடியாது.

ஐந்து நிமிட ஒட்டு என்பது வேறு. பிசின் தோய்த்த தடித்த கயிற்றை ஊசியில் கோர்த்து, வெளியே இருந்தே ஓட்டைக்குள் குத்தி விடுவது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவில், வழியில், மழையில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும். காருக்குள் நானும் ஒரு செற் வைத்திருக்கிறேன். ஆனால் அது கடைக்கு வந்து சேர்வதற்கான ஒட்டு. அதோடு மாதக்கணக்காக ஓடக்கூடாது. காரணம் இரண்டு. உள்ளே என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மற்றது, கயிறு காற்றை நிறுத்தினாலும் மேலே இருந்து தண்ணீர் இறங்குவதை முழுதாக நிறுத்தாது. உருக்குக் கம்பி துருப்பிடிக்கும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல வருடத்துக்கு முன் என் சொந்தக் காரில், வேலை மும்முரத்தில், பின் ரயரில் ஏறிய ஆணிக்கு வெளியே இருந்து கயிறு குத்திவிட்டு, பிறகு கழற்றி ஒட்டுவோம் என்று விட்டேன். அந்தப் பிறகு ஏழெட்டு மாதம் ஆகியும் வரவில்லை. அந்த மாரி முழுக்கப் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வந்தேன். இரண்டு பக்கமும் கடல், றோட்டில் உப்புத் தண்ணீர். ஒருநாள் குடும்பத்தோடு வவுனியா போகும்போது மாங்குளம் தாண்டிக் காட்டுப் பகுதியில் பின்சில்லு பட்டென்று போனது. வேகம் அறுபதுக்குள் இருந்ததால் ஒதுக்கி நிறுத்த முடிந்தது. பின்சீற்றில் இருந்த மகளின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அந்த ரயரை வெட்டிப் பார்த்தேன். கயிறு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கம்பிகள் செம்மண் நிறத்தில் துருப்பிடித்து, கையால் பிரித்தால் இறப்பர் தகடு தகடாகக் கிளம்பியது. அன்றில் இருந்து வெளியே குத்தி எந்தக் காரையும் "இனிப் பயமில்லை" என்று சொல்லி நான் அனுப்பியதில்லை.

நம் ஊரில் "ஒட்டி ஓட்டலாம்" என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புது ரயர் என்பது கண்ணால் காணாத பொருள். பக்கம் கிழிந்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்து, ரியூப் போட்டு ஓடினோம். ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோனதும் அந்த ரயரில்தான். அந்தக் கைகளுக்கு நான் இன்றைக்கும் மரியாதை கொடுக்கிறேன், அவர்களிடம்தான் வேலை பழகினேன். ஆனால் அந்த வண்டிகள் ஒழுங்கைகளில் முப்பது, நாற்பது வேகத்தில் ஓடியவை. இன்றைக்கு அதே கை, அதே நம்பிக்கையோடு, ஏ9 வீதியில் எழுபதில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிற காருக்கு அதையே செய்தால் பொருந்தாது. கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உங்கள் ரயர் இரண்டு இலட்சம் தடவைக்கு மேல் சுற்ற வேண்டும், அதுவும் வெயிலில்.

அந்தக் காலத்தில் இருந்து வந்த இன்னொரு பழக்கம், ஒட்ட முடியாத ரியூப்லெஸ் ரயருக்குள் ரியூப் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று நிற்கும், ஆனால் காயம் உள்ளே அப்படியே இருக்கும். ரியூப்லெஸ் ரயரின் உள்பக்கம் ரியூப்புக்காகச் செய்தது அல்ல, உரசிச் சூடேறும். ஆணி ஏறினால் ரியூப்லெஸ் போல மெல்ல இறங்காது, ஒரேயடியாக இறங்கும்.

ஆணியே இல்லாமல் காற்று இறங்குகிறவர்களுக்கு ஒரு சொல். எல்லாம் ஓட்டையால்தான் என்று நினைத்துப் புது ரயர் வாங்கி, பிறகும் காற்று இறங்கி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வால்வின் இறப்பர் தண்டை விரலால் சரித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் குற்றவாளி அதுதான். அலோய் றிம்மில் ரயர் பொருந்தும் விளிம்பு உப்புக் காற்றில் பூத்துச் சொரசொரத்தாலும் காற்று கசியும். சவர்க்காரத் தண்ணீரை வால்விலும் விளிம்பைச் சுற்றியும் பூசினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் சின்ன வேலை. மாதத்துக்கு ஒன்று, இரண்டு இறாத்தல் (பி.எஸ்.ஐ. என்கிற காற்றழுத்த அளவு) குறைவது எந்த ரயரிலும் நடப்பது.

திரும்ப உங்கள் காருக்கு வருவோம். உள்பக்கம் சுத்தமாக இருந்தாலும் ஒட்டக் காசு செலவழிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று தேய்வு. தவாளிப்புக்குள் இடையிடையே ஒரு சின்ன மேடு இருக்கும். அது 1.6 மில்லிமீற்றர் உயரம். மேற்பக்கம் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் ரயரின் காலம் முடிந்தது. அதற்குக் கிட்ட வந்திருந்தாலும் மாரிக்கு முன் மாற்றுவதுதான் புத்தி. இரண்டாவது வயது. பக்கத்தில் டி.ஓ.ரி. என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. இரண்டரை வருடத்துக்கு முன் வாங்கியது என்கிறீர்கள், ஆனால் கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்று அந்த இலக்கம்தான் சொல்லும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் என்றால் தேயாவிட்டாலும் வேண்டாம். நம் வெயிலில் நான் ஆறேழு வருடத்திலேயே பக்கத்தில் மயிர்க்கோடாக வெடிப்பதைப் பார்க்கிறேன். பக்கத்தில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். மதகுக் கட்டில், பள்ளத்தில் இடித்தால் வருவது அது. அன்றைக்கே மாற்ற வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால் ஒன்றா, இரண்டா? மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேயாமல் இருந்தால் அதே அளவில், முடிந்தால் அதே வகையில் ஒன்று போதும். தேய்வில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரே அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். புது இரண்டையும் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் காரை முன்சில்லுதான் இழுக்கிறது, ஆகவே புதுசை முன்னுக்குப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மழையில் முன்சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரணமாக ஓட்டுகிறவர்களால் பிடிக்க முடியாது. அளவோடு பாரக் குறியீட்டையும் பாருங்கள். 81 என்று இருந்தால் ஒரு ரயர் 462 கிலோ தாங்கும். இருந்ததைவிடக் குறைந்த இலக்கம் வாங்கக் கூடாது.

ஜப்பானில் இருந்து வந்த பழைய ரயர் மலிவாகக் கிடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது நிறையப் பேருக்கு வேறு வழி இருக்கவில்லை, அதில் நல்லதும் வரும். ஆனால் செய்த கிழமை பாருங்கள், உள்ளே பழைய ஒட்டு இருக்கிறதா பாருங்கள், முக்கியமாக மேற்பக்கத்தில் கத்தியால் கீறியது போல நெருக்கமாக மெல்லிய கோடுகள் நிறைந்திருக்கிறதா பாருங்கள். அது பனிக்காலத்துக்கான ரயர். பக்கத்தில் ஸ்ரட்லெஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உறைந்த றோட்டைப் பிடிக்க மென்மையான இறப்பரில் செய்தது. பூ, அதாவது மேற்பக்கத்து வெட்டுக் கோலம், நிறைய இருப்பதைக் கண்டு சந்தோஷமாக வாங்குவார்கள். நம் சூட்டில் அது அழிறப்பர் போலக் கரையும், வளைவில் மிதக்கும்.

இனிப் பயணம். ஒட்டினாலும் மாற்றினாலும் புறப்படுவதற்கு மூன்று நாலு நாள் முன்னரே செய்துவிடுங்கள். அந்த நாட்களில் ஊருக்குள் ஓடி, தினமும் காலையில் காற்றளவு பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். ஜப்பான் காரில் 220, 230 என்று கிலோபஸ்காலிலும், பக்கத்தில் 2.2, 2.3 என்றும் இருக்கும். 2.3 என்பது நாங்கள் சொல்கிற கணக்கில் 33 இறாத்தல். ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிற அளவு அது. ஓடி வந்த சூட்டில் மூன்று நாலு இறாத்தல் கூடிக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். நாலு நாளும் ஒட்டிய ரயர் மற்ற மூன்றோடு ஒத்து நின்றால் ஒட்டு நன்றாக இருக்கிறது. ஒரு இறாத்தல் தனியாகக் குறைந்தாலும் திரும்பக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

டிக்கியில் என்ன இருக்கிறது என்றும் இன்றைக்கே திறந்து பாருங்கள். பல ஜப்பான் கார்களில் இருப்பது மெல்லிய தற்காலிகச் சில்லு. அதற்கு 60 இறாத்தல் காற்று வேண்டும், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடக்கூடாது. வருடக்கணக்காகக் காற்றுப் பார்க்காமல் கிடந்து, தேவைப்படும் நேரத்தில் அதுவும் சப்பையாக இருப்பதை வாரம் ஒரு தடவையாவது காண்கிறேன். சில்லு இல்லாமல் பசைப் போத்தலும் சின்னக் காற்றடிக்கிற மெசினும் மட்டும் இருந்தால் போத்தலில் காலாவதித் திகதி பாருங்கள். அந்தப் பசை உள்ளே ஊற்றிய ரயர் என்றால் கழற்றுகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும்.

அம்மாவோடு போகிறீர்கள், எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்துவீர்கள். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க இறங்கும்போது காரைச் சுற்றி வந்து நாலு ரயரின் பக்கத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயில் படுகிற பக்கம் கொஞ்சம் கூடச் சுடும், அது பரவாயில்லை. பின் இடது மட்டும் பின் வலதைவிடக் கை வைக்க முடியாமல் சுட்டால் காற்றுக் குறைகிறது. அங்கிருந்து முன்னுக்கு மாங்குளம் வரை காடு. அப்படிச் சுட்டால் காற்றடித்துக்கொண்டு, மெதுவாகக் கிளிநொச்சிக்குத் திரும்புங்கள். கடை அங்கே இருக்கிறது.